கிரிசிப்பஸும் உயிர்காப்பு அங்கியும்

இப்போது திருகோணமலைப் பையன்களின் கைத்தொலைபேசிகளுக்குள் மார்க்கஸ் அவுரேலியஸ் வந்து குடியேறிவிட்டார். தாடி வைத்த பளிங்குத் தலை, பின்னால் இடியும் மின்னலும், நடுவில் தடித்த எழுத்தில் ஆங்கில உபதேசம்: யாருக்கும் விளக்கம் சொல்லாதே, எதற்கும் கலங்காதே, தனியாக நில். நான் கணக்கெழுதும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தவணை கட்ட வந்த ஓர் இளைஞன் இதை என்னிடம் காட்டினான். "இவர்தான் அண்ணா ஸ்டோயிக். ஒன்றுக்கும் அசைய மாட்டார்." பெண்வீட்டார் அண்மையில்தான் சம்பந்தத்தை முறித்திருந்தார்கள். அசையாமல் இருக்க ஆசைப்பட அவனுக்குக் காரணம் இருந்தது.

அவனிடம் நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் வரிசை நின்றது, சொல்லத் தொடங்கினால் நீண்டுவிடும். அந்த நீளத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பளிங்குத் தலைக்குரிய மனிதர் கி.பி. 161 முதல் 180 வரை உரோமப் பேரரசை ஆண்டவர், ஸ்டோயிக் என்ற பழைய கிரேக்கத் தத்துவப் பள்ளியைப் பின்பற்றியவர். ஆட்சிக்காலத்தின் பெரும்பகுதி கொள்ளைநோயிலும் தன்யூப் ஆற்றங்கரைப் போர்களிலும் கழிந்தது. பெற்ற பிள்ளைகளில் பாதிக்கு மேல் அவர் கண்முன்னே இறந்துபோனார்கள். போர்முகாமில் இருந்த காலத்தில் தனக்குத்தானே கிரேக்க மொழியில் எழுதிக்கொண்ட குறிப்புகளே இன்று நூலாகக் கிடைக்கின்றன. ஊருக்கு உபதேசம் செய்ய அவர் எழுதவில்லை. அதில் ஐந்தாம் பகுதியின் தொடக்கத்தில், விடியற்காலையில் படுக்கையை விட்டு எழுந்திருக்கச் சோம்பல்படும் தன்னையே பேரரசர் கடிந்துகொள்கிறார்: போர்வைக்குள் சூடாகக் கிடக்கவா பிறந்தாய்? செடியும் குருவியும் எறும்பும் சிலந்தியும் தேனீயும் தத்தம் வேலையைச் செய்கின்றனவே, மனிதனுடைய வேலையைச் செய்ய நீ எழுந்திருக்க மாட்டாயா? இன்னோரிடத்தில், கூட்டுக்கு நன்மை தராதது தேனீக்கும் நன்மை தராது என்கிறார். தனியாக நிற்கச் சொன்னவருடைய பேச்சாக இது எனக்குத் தெரியவில்லை.

அலை ஓயாமல் வந்து மோதும் கடல்முனைப் பாறையைப் போல இரு என்று அவர் சொன்னது உண்மைதான். டிக்டொக்கில் அதிகம் ஓடுவதும் அந்த வரிதான். கோணேசர் கோயிலின் ஓரத்தில், இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில் நின்று கீழே பார்த்த எவருக்கும் அந்த வரியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பாறையின் மேல் என்ன இருந்தது, 1622இல் போர்த்துக்கேயர் வந்து அதை எப்படி இடித்தார்கள், இடித்த கல்லில் என்ன கட்டினார்கள் என்பதெல்லாம் எங்கள் ஊர்ச் சிறுபிள்ளைக்கும் தெரியும். அசையாமல் நின்றது பாறை. திரும்பவும் கோயிலைக் கட்டியவர்கள் அசைந்த மனிதர்கள்.

ஸ்டோயிக் தத்துவம் தொடங்கிய கதையே ஒரு துறைமுகக் கதை. சைப்பிரஸ் தீவின் சித்தியம் என்ற ஊரைச் சேர்ந்த சீனோ ஒரு வணிகர். கடல் நத்தையிலிருந்து எடுக்கும் விலையுயர்ந்த ஊதாச் சாயத்தை ஏற்றிக்கொண்டு வந்த அவருடைய கப்பல், ஏதென்ஸுக்கு அருகே பிரேயஸ் துறைமுகத்தை அண்டிய கடலில் உடைந்தது. கரையேறி, நகருக்குள் நடந்து, ஒரு புத்தகக் கடையில் போய் உட்கார்ந்தார். கடைக்காரர் சோக்கிரதீஸைப் பற்றிய நூல் ஒன்றை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட மனிதர்களை எங்கே பார்க்கலாம் என்று சீனோ கேட்டார். அந்த நேரம் பார்த்துத் தெருவால் போன கிரேத்தீஸ் என்ற ஏழைத் தத்துவஞானியைக் கடைக்காரர் கையால் காட்டி, அவருக்குப் பின்னால் போ என்றார். சீனோ போனார். பிறகு கி.மு. 300 அளவில், சித்திரங்கள் தீட்டிய ஒரு பொதுமண்டபத்தின் தூண்வரிசையில் நின்று தானே பேசத் தொடங்கினார். ஸ்டோவா என்ற அந்த மண்டபத்தின் பெயரே பள்ளிக்கும் பெயராகிவிட்டது.

இந்தக் கதையை நமக்குச் சொல்பவர் சீனோவுக்கு ஐந்து நூற்றாண்டுகள் பிந்தியவர். முழுவதையும் நம்பவேண்டிய கட்டாயமில்லை. எனக்குப் பிடித்தது அதிலுள்ள புத்தகக் கடை. சரக்கை இழந்த மனிதன் கடன்காரர்களைப் பார்க்கப் போகாமல் அங்கே போயிருக்கிறான். எங்கள் சங்கத்தில் படகு உடைந்தவர்கள் வந்து நிற்கும் இடம் என் மேசை. அவர்களுக்கு வாசித்துக்காட்ட என்னிடம் இருப்பது பேரேடு மட்டும்.

உரோமர்களுக்கும் எங்கள் தீவுக்கும் இருந்த தொடர்பைப் பற்றி ஒரு சின்னச் செய்தியைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. கிளாடியஸ் பேரரசராக இருந்தபோது, காற்றில் அடிபட்டு ஓர் உரோமக் கப்பல் தப்ரபேனுக்கு, அதாவது இலங்கைக்கு, வந்து சேர்ந்தது. அதைத் தொடர்ந்து இங்கிருந்து நான்கு தூதர்கள் உரோமுக்குப் போனார்கள் என்று உரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். அந்தத் தீவில் அடிமைகள் இல்லையாம், விடிந்த பின் யாரும் தூங்குவதில்லையாம், வழக்கு வம்பு கிடையாதாம், தானியத்தின் விலை ஒருபோதும் ஏறுவதில்லையாம். பொருளாதார நெருக்கடி வந்த 2022இல் அரிசிக் கடை வாசலில் நின்று நினைத்துக்கொள்ள இதைவிடப் பொருத்தமான வரி கிடைக்காது. இதே கிளாடியஸ்தான் ஸ்டோயிக் எழுத்தாளர் செனெகாவைக் கி.பி. 41இல் கோர்சிகா தீவுக்கு நாடுகடத்தி எட்டு ஆண்டுகள் அங்கேயே வைத்திருந்தவர். செனெகாவிடம் பின்னர் வருகிறேன்.

2022 என்று சொன்னதால் மண்ணெண்ணெயைப் பற்றிச் சொல்லவேண்டும். வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய எங்கள் சிறு படகுகள் ஓடுவது மண்ணெண்ணெயில். அந்த ஆண்டின் நடுப்பகுதியில் அது கிடைக்கவே இல்லை. சோளகக் காலம், கிழக்குக் கடல் அமைதியாகக் கிடந்தது, படகுகள் மணலில் கிடந்தன. ஓகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. சங்கக் கூட்டத்தில் டொலர், அமைச்சர், வராத கப்பல், பக்கத்து ஊருக்கு மட்டும் கொடுத்தார்கள் என்ற வதந்தி என்று பேச்சு சுற்றிச் சுற்றி வந்தது. எல்லாம் நியாயமான கோபம். ஆனால் இரவு எட்டு மணிவரை பேசியும் ஒரு தீர்மானமும் இல்லை.

எபிக்டெட்டஸ் என்ற ஸ்டோயிக் ஆசிரியரின் கைநூல் ஒரு பிரிப்போடு தொடங்குகிறது. சில நம் கையில் இருக்கின்றன, சில இல்லை. நம் எண்ணம், முயற்சி, விருப்பு, வெறுப்பு ஆகியவை நம் கையில் உள்ளவை. உடல், சொத்து, பெயர், பதவி ஆகியவை அப்படியல்ல. அவர் அடிமையாகப் பிறந்தவர். இன்றைய துருக்கியிலுள்ள ஹியராபொலிஸ் ஊர்க்காரர். நீரோ மன்னனின் செயலாளராக இருந்த ஒருவருடைய உடைமை. கால் ஊனம். தன் உடலே இன்னொருவனுக்குச் சொந்தமாக இருந்தவன் உடல் என் கையில் இல்லை என்று சொன்னால் அதில் அலங்காரம் ஒன்றுமில்லை. உள்ளதைச் சொல்கிறான்.

அன்றிரவு பழைய வரவுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் நான் நடுவே ஒரு கோடு கிழித்தேன். இந்தக் கூட்டம் தீர்மானிக்கக்கூடியவை ஒரு பக்கம்: கிடைக்கும் எண்ணெயை எந்த ஒழுங்கில் பிரிப்பது, இரண்டு படகின் ஆட்கள் ஒரு படகில் போய்ப் பங்கு பிரிப்பது, தவணை பிந்தினால் விதிக்கும் தண்டவட்டியை நிறுத்திவைப்பது. மற்றவை எல்லாம் மறுபக்கம். அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதுவது எந்தப் பக்கம் என்று ஒரு சம்மாட்டி கேட்டார். நல்ல கேள்வி. ஸ்டோயிக்குகள் இதற்கு வில்லாளியைச் சொல்வார்கள். நன்றாகக் குறிபார்ப்பது, நாணை இழுப்பது, அம்பை விடுவது வரை அவன் வேலை. விட்ட பிறகு காற்று அடிக்கலாம், இலக்கு நகரலாம். அதற்காக அவன் கண்ணை மூடிக்கொண்டு எய்வதில்லை. கடிதத்தை எழுதினோம். நல்ல தமிழிலும் நல்ல சிங்களத்திலும், கணக்கு விவரத்தோடு. பதில் வந்ததா என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லாத சங்கதி.

கையில் இல்லாததை விட்டுவிடு என்று இந்தப் பிரிப்பைச் சுருக்கிச் சொல்கிறவர்கள் வில்லாளியை மறந்துவிடுகிறார்கள். அப்படிச் சுருக்கினால் நமக்கு ஸ்டோயிக்குகள் தேவையே இல்லை. அந்தச் சரக்கு எங்களிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. விதி. தலையெழுத்து. கொடுத்துவைத்தது அவ்வளவுதான். போர், சுனாமி, பஞ்சம் என்று நாற்பது ஆண்டுகளாகப் பொறுத்துப் பழகிய ஊருக்கு இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று சொல்ல ஏதென்ஸிலிருந்து யாரும் வரவேண்டியதில்லை.

கரையில் அடிக்கடி நடக்கும் ஒரு வாக்குவாதம் உண்டு. உயிர்காப்பு அங்கியைப் போடச் சொன்னால் மூத்தவர்கள் சிரிப்பார்கள். "போகவேண்டிய நேரம் வந்தால் அங்கி போட்டாலும் உயிர் போகும். வராவிட்டால் வெறும் மேலோடு விழுந்தாலும் கரை சேர்வான்." கேட்க நன்றாக இருக்கும். மறுக்கவும் கடினம். இதே வாதம் கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே ஸ்டோயிக்குகளுக்கு எதிராக வைக்கப்பட்டது. எல்லாம் விதிப்படி என்கிறீர்களே, அப்படியென்றால் நோயாளி ஏன் வைத்தியரைக் கூப்பிடவேண்டும்? பிழைப்பது விதியானால் வைத்தியர் வந்தாலும் வராவிட்டாலும் பிழைப்பான், சாவது விதியானால் இரண்டிலும் சாவான். சோம்பேறி வாதம் என்று இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

பதில் சொன்னவர் கிரிசிப்பஸ், ஸ்டோயிக் பள்ளியின் மூன்றாவது தலைவர். எழுநூறுக்கு மேற்பட்ட நூல்கள் எழுதியவர் என்பார்கள். ஒன்றுகூட முழுதாக நம் கைக்கு வரவில்லை. இந்தப் பதில் தப்பியது அதை எடுத்தெழுதிய உரோம எழுத்தாளர் சிசெரோவின் புண்ணியத்தால். இலாயஸ் மன்னனுக்கு ஈடிபஸ் என்ற மகன் பிறப்பான் என்பது விதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் ஒரு பெண்ணோடு சேர்ந்தாலும் சேராவிட்டாலும் பிறப்பான் என்று சொல்வீர்களா? பிறப்பது விதியென்றால் சேர்வதும் அந்த விதியிலேயே அடங்கியிருக்கிறது. பிழைப்பது விதியென்றால் வைத்தியரைக் கூப்பிடுவதும் அதோடு சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது.

இதை வாடியில் வலை பொத்திக்கொண்டிருந்தவர்களிடம் சொன்னபோது இலாயஸ் கதைக்குப் பெரிய சிரிப்பு. அங்கியை அதனால் எல்லோரும் போட்டுவிட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவர் மட்டும், "அப்படியென்றால் அங்கி வாங்கக் கடன் தருவதும் உன் விதியில் எழுதியிருக்கவேண்டுமே" என்றார். எழுதியிருந்தது.

கிரிசிப்பஸ் இன்னொன்றும் சொன்னார். உருளையைத் தள்ளுகிறவன் வெளியே நிற்கிறான். ஆனால் அது உருள்வது தன் வடிவத்தால். தள்ளலை நாம் தேர்வதில்லை, உருளும் வகை நம்முடைய இயல்பிலிருந்து வருகிறது. இந்த இடத்தில் தமிழ் வாசகருக்குக் கணியன் பூங்குன்றனார் நினைவுக்கு வருவார். யாதும் ஊரே என்ற முதல் வரியை மேடைகளில் தேய்த்துவிட்டோம். எனக்கு வேண்டியது பின்னால் வரும் "நீர்வழிப் படூஉம் புணைபோல்". மலையாற்றில் கல்லில் மோதி இரைந்தோடும் வெள்ளத்தில் போகும் தெப்பமாக உயிர் முறைவழியே போகிறது என்கிறார். அங்கேயே நிறுத்தியிருந்தால் அதுவும் கரையில் கேட்கும் விதிப்பேச்சுத்தான். அவர் நிறுத்தவில்லை. ஆகவே பெரியவர்களைக் கண்டு வியப்பதும் இல்லை, சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று முடிக்கிறார். வெள்ளம் தள்ளுகிறது, ஆனால் யாருக்கு முன் குனிவது, யாரைக் கீழே வைப்பது என்பது தெப்பத்தில் இருப்பவன் பொறுப்பு. எபிக்டெட்டஸிடம் தெப்பம் கப்பலாகிறது. கரையில் நங்கூரமிட்ட நேரத்தில் தண்ணீர் எடுக்க இறங்கினாய், வழியில் ஒரு சிப்பியோ கிழங்கோ பொறுக்கு, தப்பில்லை, ஆனால் தலைவர் கூப்பிடுகிறாரா என்று காது மட்டும் கப்பலோடு இருக்கட்டும்.

கொட்டியாரக் குடாவில் அப்படி இறங்கியவர்களுக்கு நேர்ந்ததை எங்கள் பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் முடித்துவிடும். 1659இன் கடைசியில் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் பாய்மரத்தை இழந்த ஓர் ஆங்கிலக் கப்பல், புதிய மரம் தேடிக் கொட்டியாரத்துக்கு வந்தது. 1660இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பற்தலைவரையும் அவர் மகனையும் வேறு சிலரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த மகன்தான் ரொபர்ட் நொக்ஸ். அப்போது பத்தொன்பது வயது. அடுத்த ஆண்டே தகப்பன் காய்ச்சலில் இறந்துபோனார். மகன் 1679வரை மலைநாட்டில் சிறைப்பட்டிருந்தான். விலங்கு இல்லை, ஆனால் வெளியே போகவும் வழியில்லை.

நொக்ஸ் ஸ்டோயிக் தத்துவம் படித்தவர் என்பதற்காக அவரை இழுக்கவில்லை. அவர் கடவுளை நம்பிய கிறிஸ்தவர். ஆனால் அந்த ஆண்டுகளை அவர் எப்படிக் கழித்தார் என்பதைப் பாருங்கள். தொப்பி பின்னக் கற்று விற்றார். நெல்லைக் கடன் கொடுத்து வட்டிக்கு நெல் வாங்கினார். பின்னிய ஒரு தொப்பியைக் கொடுத்து ஒரு கிழவரிடமிருந்து ஆங்கில வேதாகமம் வாங்கினார். ஊர் ஊராகப் பொருள் விற்கும் சாக்கில் பாதைகளை மனதில் பதித்துக்கொண்டார். கடைசியில் ஒரு தோழனோடு காட்டு வழியாக நடந்து மன்னாருக்குத் தெற்கே அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் இலங்கையைப் பற்றி அவர் வெளியிட்ட நூல் இன்றும் வரலாற்றாசிரியர்களுக்குத் தேவைப்படுகிறது. மன்னனின் மனம் அவர் கையில் இருக்கவில்லை. கையில் இருந்தது பின்னல் ஊசி.

கதை இங்கே நின்றால் அழகாக இருக்கும். பின்னர் நொக்ஸ் கப்பற்தலைவராகி மடகஸ்காருக்கு அடிமை வாங்கப் போனார். பத்தொன்பது ஆண்டு சிறையிருந்தவர்! ஸ்டோயிக்குகளிடமும் இதே ஓட்டை இருக்கிறது. அடிமைகள் மனிதர்கள், உன்னோடு ஒரே கூரையின் கீழ் வாழ்பவர்கள், உன் நண்பர்கள் என்று செனெகா அழகாக ஒரு கடிதம் எழுதினார். அடிமை முறையை ஒழிக்கவேண்டும் என்று அந்தக் கடிதத்தில் எங்கும் இல்லை. எபிக்டெட்டஸுக்கும் உள்ளத்து விடுதலையே பேச்சு. மனத்தைச் சரிசெய்யும் தத்துவம் சட்டத்தைச் சரிசெய்ய மறந்துபோகும். அதை வாசிக்கிறவர்கள் இந்தக் குறையை நினைவில் வைத்துக்கொண்டே வாசிக்கவேண்டும்.

செனெகாவிடம் வருகிறேன் என்றேன். கணக்கெழுதுபவனுக்கு அவரோடு தனிப்பட்ட பகை உண்டு. எளிமையைப் பற்றி எழுதிய மனிதர் தன் காலத்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவர், வட்டிக்குக் கடன் கொடுத்தவர். பிரித்தானியர்களுக்கு நாலு கோடி செஸ்டர்ஸ் கடனைத் திணித்து, பிறகு ஒரே நேரத்தில் திருப்பிக் கேட்டதும் அங்கே பூடிக்கா அரசியின் கிளர்ச்சி வெடிக்க ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதுகிறார். டியோவுக்குச் செனெகாவைப் பிடிக்காது, ஆகவே கூட்டிச் சொல்லியிருக்கலாம். இருந்தாலும் அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் போருக்குப் பின் எங்கள் பக்கம் வந்த நுண்கடன் வசூலிப்பாளர்கள் மோட்டார் சைக்கிளில் வந்து வீட்டு வாசலில் நிற்பது கண்முன் வருகிறது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்கத் தோடு. அந்தப் பெண்களிடம் போய், வறுமை தீமையல்ல, வறுமை என்ற எண்ணமே தீமை என்று சொல்லிப்பாருங்கள்.

ஆனாலும் அவரை விடமுடியவில்லை. கோபத்தைப் பற்றிய நூலில், இரவு விளக்கை எடுத்துச் சென்ற பிறகு, தன் வழக்கம் தெரிந்த மனைவி பேசாமலிருக்க, அன்றைய நாள் முழுவதையும் தனக்குள் விசாரிப்பதாகச் சொல்கிறார். அந்த ஆளிடம் இவ்வளவு காரமாகப் பேசியிருக்கவேண்டாம், இனிப் பார்த்துக்கொள், இம்முறை மன்னித்தேன். தண்டனை இல்லாத விசாரணை அது. அவர் சொல்லும் மருந்தும் எளிது: கோபத்துக்குத் தாமதமே பெரிய மருந்து. வட்ஸ்அப் குழுவில் அரைமணி நேரம் பொறுத்துப் பதில் எழுதும் வழக்கம் மட்டும் வந்தால் எங்கள் சங்கத்தில் பாதி உட்பகை தீர்ந்துவிடும். கோயில் நிர்வாக சபைகளின் நிலைமையைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

மனத்தைக் கலக்குவது நிகழ்ச்சிகளல்ல, அவற்றைப் பற்றிய நம் தீர்ப்புகள் என்ற எபிக்டெட்டஸின் வரி இன்று உளவியல் மருத்துவத்துக்குள் இருக்கிறது. 1950களில் அல்பர்ட் எலிஸும் 1960களில் ஆரன் பெக்கும் உருவாக்கிய அறிவாற்றல் சிகிச்சை முறைகளுக்கு ஸ்டோயிக்குகளே முன்னோடிகள் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். எபிக்டெட்டஸ் தன் மாணவர்களுக்குக் கொடுத்த பயிற்சி ஒன்று எங்கள் கரைக்கென்றே செய்ததுபோல் இருக்கும். இன்னாருடைய கப்பல் மூழ்கியது. என்ன நடந்தது? கப்பல் மூழ்கியது. அவனைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். என்ன நடந்தது? சிறைக்குக் கொண்டுபோனார்கள். அவனுக்குக் கேடு வந்துவிட்டது என்பதை ஒவ்வொருவரும் தாமாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். கனடா விசாவுக்கு விண்ணப்பித்த என் மருமகனோடு இதைச் செய்துபார்த்தேன். விசா மறுக்கப்பட்டது. என்ன நடந்தது? விசா மறுக்கப்பட்டது. ஊருக்கு முகம் காட்ட முடியாது, வாழ்க்கை முடிந்தது, கூடப் படித்தவனெல்லாம் ஸ்காபரோவில் வீடு வாங்கிவிட்டான் என்பவை பின்னால் தொங்கிய பெட்டிகள். கழற்றிப் பார்த்தபோது எஞ்சியது ஒரு மறுப்புக் கடிதமும் முகவருக்குக் கட்டிய பணமும். பணம் போனது எண்ணமல்ல. அதையும் நடந்தது என்ற பக்கத்திலேயே எழுதினோம்.

இந்தப் பயிற்சியை அவன் தனக்குத்தானே செய்தான், நான் பக்கத்தில் இருந்தேன். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மார்க்கஸ் தனக்கு எழுதினார். எபிக்டெட்டஸ் தேடி வந்த மாணவர்களிடம் பேசினார். அவருடைய ஆசிரியர் மூசோனியஸ் ரூபஸ், நாடுகடத்தப்படுவது தீங்கல்ல என்று பேசியபோது தானே கியாரோஸ் என்ற வறண்ட தீவுக்கு நாடுகடத்தப்பட்டவர். 2006இல் சம்பூரிலிருந்து ஓடி, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் முகாமிலும் உறவினர் வீட்டிலும் கிடந்த ஒருவர் இதே வார்த்தையைத் தன்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டால் எனக்கு ஆட்சேபமில்லை. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் அதிகாரி அவரைப் பார்த்துச் சொன்னால் அது தத்துவமே அல்ல.

கலங்காதே, பேசாதே என்று போனில் ஓடும் உபதேசத்துக்கு எபிக்டெட்டஸே வைத்திருக்கும் பதில் ஹெல்விடியஸ் பிரிஸ்கஸின் கதை. வெஸ்பாசியன் பேரரசர் அவரைச் செனெட் சபைக்கு வரவேண்டாம் என்று சொல்லியனுப்பினார். "என்னை உறுப்பினர் பதவியிலிருந்து நீக்குவது உங்கள் கையில். உறுப்பினராக இருக்கும்வரை வருவது என் கடமை." சரி வா, ஆனால் வாயைத் திறக்காதே. "என் கருத்தைக் கேட்காதீர்கள், திறக்கமாட்டேன்." கேட்கவேண்டியது என் கடமை. "சரியென்று தோன்றுவதைச் சொல்லவேண்டியது என் கடமை." சொன்னால் கொன்றுவிடுவேன். "நான் சாகாவரம் பெற்றவன் என்று எப்போது சொன்னேன்? உங்கள் வேலையை நீங்கள் செய்யுங்கள், என் வேலையை நான் செய்கிறேன்." வெஸ்பாசியன் தன் வேலையைச் செய்தார். ஹெல்விடியஸ் நாடுகடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்.

வடக்கிலும் கிழக்கிலும் காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017இலிருந்து படங்களைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவோரத்தில் அமர்ந்திருக்கிறார்கள். கேட்டுக்கொண்டே இருந்த தாய்மார் சிலர் பதில் வராமலே இறந்தும்போனார்கள். கையில் இல்லாததற்காக ஏன் வெயிலில் உட்காரவேண்டும் என்று ஒரு படித்த மனிதர் என்னிடம் கேட்டார். அவர் ஸ்டோயிக் நூல்கள் வாசிப்பவர், நல்ல தாளில் அச்சிட்ட பதிப்புகள் வைத்திருப்பவர். பதில் தருவது அரசின் கையில் இருக்கிறது. கேட்பது அந்தத் தாய்மாரின் கையில் இருக்கிறது. இந்த நாட்டில் எபிக்டெட்டஸின் முதல் அத்தியாயத்தை அவர்களைவிடத் துல்லியமாக விளங்கிக்கொண்டவர்கள் யார் என்று எனக்குத் தெரியவில்லை. பெண்களும் ஆண்களைப்போலவே தத்துவம் பயிலவேண்டும் என்று முதலாம் நூற்றாண்டிலேயே வாதிட்ட மூசோனியஸ் அவர்களோடு வந்து உட்கார்ந்திருப்பார் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.

துக்கம் என்ற இடத்தில்தான் நான் ஸ்டோயிக்குகளோடு கடைசிவரை போகமுடியவில்லை. பிள்ளையை முத்தமிடும்போது, சாகப்போகும் ஒன்றை முத்தமிடுகிறேன் என்று நினைத்துக்கொள் என்கிறது கைநூல். பிள்ளைகள் அடிக்கடி இறந்த காலம் அது. பயிற்சியின் நோக்கம் புரிகிறது. அழுகிறவரைக் கண்டால் வார்த்தையால் ஆறுதல் சொல், வேண்டுமானால் சேர்ந்து விம்மு, ஆனால் உள்ளே விம்மாதே என்று அது பின்னர் சொல்லும்போது புத்தகத்தை மூடிவைத்துவிடுகிறேன். 2004 டிசம்பர் 26 அன்று கிண்ணியாவிலும் மூதூரிலும் குச்சவெளிக் கரையிலும் கடல் எடுத்துப்போன பிள்ளைகளின் தாய்மார் இன்னும் எங்களோடு வாழ்கிறார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் காலை 9.25க்கு நாடு இரண்டு நிமிடம் நிற்கும். அதற்குப் பிறகு சங்கத்திலிருந்து சிலர் வீடுவீடாகப் போவோம். தேநீர் தருவார்கள், பிள்ளையின் கதையைச் சொல்வார்கள், ஒவ்வோர் ஆண்டும் அதே கதை. உள்ளே விம்மாமல் அதைக் கேட்கமுடிந்தவன் வராமலிருப்பதே நல்லது.

செனெகாவின் 63ஆம் கடிதம் நண்பனை இழந்த லூசிலியஸுக்கு எழுதியது. கண் வறண்டிருக்கவும் வேண்டாம், வழிந்தோடவும் வேண்டாம் என்று அளவு சொல்லிக்கொண்டு போகிறார். பாதி கடந்ததும், இதை எழுதும் நானே என் அன்புக்குரிய அன்னேயஸ் செரேனஸுக்காக அளவில்லாமல் அழுதேன் என்று ஒத்துக்கொள்கிறார். தோற்றுப்போன உதாரணமாகத் தன்னையே முன்வைக்கிறார். வட்டிக்காரராக எனக்குப் பிடிக்காத மனிதர், ஆனால் அந்த வரிக்காக அவருடைய தவணையை நான் தள்ளிவைப்பேன். டிசம்பர் 26 அன்று அந்த வீடுகளுக்கு என்னோடு வரத் தகுதியுள்ள ஸ்டோயிக் அவர் ஒருவர்தான். எபிக்டெட்டஸை மறுநாள் காலையில் சங்கக் கூட்டத்துக்குக் கூட்டிப்போகலாம். வாடைக்காலத்தில் யாருடைய தவணையை எத்தனை மாதம் நிறுத்திவைப்பது என்பது அன்றைய நிகழ்ச்சிநிரலில் இருக்கும்.